நான்கு நிமிஷ வேலை

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

ஸ்தோத்திரம் சொல்லித்தான் நம் வீட்டில் கடிதம் தொடங்குவது வழக்கம். இந்தத் தடவை அந்த வார்த்தையை எழுதக் கை கூசுகிறது, அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நீ போன் எடுக்கவில்லை. ட்யூட்டியாக இருக்கும், நெட் கிடைக்காமல் இருக்கும் என்று முதல் வாரம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இரண்டாவது வாரம் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. குவைத்தில் நெட் கிடைக்காவிட்டால் வேறு எங்கே கிடைக்கும்? காரணம் எனக்குத் தெரியும். நான் பூனைக்கு மூத்திரம் எடுக்கிற அந்த வீடியோவைப் பார்த்துவிட்டாய். பார்த்துவிட்டு, "நல்லா செய்றீங்கப்பா" என்று ஒரே ஒரு வரி அனுப்பினாய். நீ என்னைத் திட்டியிருந்தால்கூட இரண்டு நாளில் மறந்திருப்பேன். இந்த இரண்டு வார்த்தையை மறக்க முடியவில்லை. இன்னும் ஆறு வாரத்தில் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. போனில் சொன்னால் நடுவிலேயே வேறு பேச்சுக்கு மாறிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் பேப்பரும் பேனாவும்.

முதலில் பூனை விஷயத்தை முழுசாகச் சொல்கிறேன். வீடியோவில் அரை நிமிஷம்தான் இருக்கிறது, அதிலும் பாட்டு வேறு போட்டுவிட்டார்கள். அது நம் அரிசி மில் பூனை. மில்லில் எத்தனையோ பூனைகள் வந்து போயிருக்கின்றன, உனக்கும் தெரியும். நெல் இருக்கிற இடத்தில் எலி, எலி இருக்கிற இடத்தில் பூனை. யாரும் வளர்க்கவில்லை, யாரும் விரட்டவும் இல்லை. ஆனால் இந்தச் சாம்பல் நிறத்துக்காரி மற்றதைப் போல அல்ல. சோறு வைத்தால் தின்னாது. கிட்டே போனால் நகர்ந்து உட்காரும். காலையில் களத்தைச் சுற்றி ஒரு நடை, பிறகு கிடங்கைச் சுற்றி ஒரு நடை, எங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகும். சுமை தூக்குகிறவர்கள் அதற்குச் 'சின்ன மேஸ்திரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரிய மேஸ்திரி நான். முப்பத்திரண்டு வருஷம் அங்கே நெல்லை அவிப்பதற்கும் களத்தில் காயப் போடுவதற்கும் மேஸ்திரியாக இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகும் தினம் ஒரு தடவை போய் எட்டிப் பார்க்கிறேனே, அந்தப் புத்திதான் பூனைக்கும் என்று கிண்டல்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் கிடங்கில் அடுக்கி வைத்த மூட்டை அட்டி சரிந்துவிட்டது. தரையில் ஈரம் ஏறி அடி மூட்டை இளகியிருக்கிறது, மேலே இருபது மூட்டை. நல்ல வேளை, ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மூட்டையை எடுத்து அடுக்கும்போது அடியில் இது கிடந்தது. முன்னங்கால் இரண்டாலும் தரையைப் பிராண்டி வெளியே வரப் பார்த்தது, பின்பாதி அசையவே இல்லை. "சாக்குல போட்டு வாய்க்கால்ல விட்டுறலாம் மேஸ்திரி, பாவம், கெடந்து சாவப்போவுது" என்றான் ஒருவன். அவனைக் குறை சொல்லவில்லை, மனசில் இரக்கம் இருந்துதான் சொன்னான். நானும் சாக்கை எடுத்தேன். ஆனால் சாக்கோடு வண்டியில் ஏறியவன் வாய்க்கால் பக்கம் திரும்பாமல் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். ஏன் என்று கேட்காதே. அந்த நேரத்தில் எனக்கே தெரியாது.

அங்கே ஒரு டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும். பூனையைத் துணியில் சுற்றி முதுகைத் தடவிப் பார்த்தது, வயிற்றைத் தொட்டுப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. "முதுகுத்தண்டுல அடி சார். பின்னங்கால் இனிமே வராது. அதுகூடப் பரவால்ல, இழுத்துக்கிட்டே நடந்துக்கும். ஒண்ணுக்குத் தானாப் போவாது. ஒரு நாளைக்கு மூணு தரம் யாராவது வயித்துல கைய வச்சு அமுக்கி எடுத்து விடணும். தேங்கிப் போச்சுன்னா கிருமி சேந்துரும், தாங்காது. ஆயுசு பூரா செய்யணும் சார். ஆறு ஏழு வயசுப் பூனை, இன்னும் ஆறேழு வருஷம்கூட இருக்கும். யாரு பாத்துக்குவீங்க? யாரும் இல்லன்னா சொல்லிருங்க, வலி இல்லாம ஒரு ஊசி போட்டுரலாம்." இப்படித்தான் சொன்னது. நான் யோசிக்கவில்லை. "நான் பாத்துக்குறேன்" என்றேன். என் குரல்தான், ஆனால் யாரோ பக்கத்தில் நின்று சொன்னது போல இருந்தது. டாக்டரம்மா சீட்டில் எழுத ஒரு பெயர் கேட்டது. "மேஸ்திரி" என்றேன். "உங்க பேரு இல்ல சார், பூனை பேரு" என்றது. பூனை பெயரும் அதுதான் என்றேன்.

வண்டியில் வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. 'யாரு பாத்துக்குவீங்க' என்கிற அந்தக் கேள்வி என் காதில் முன்னாலேயே ஒரு தடவை விழுந்திருக்கிறது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், பதினோரு வருஷத்துக்கு முன்னால். உன் அம்மாவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து இருபத்தைந்தாவது நாள், வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று சொல்லிவிட்டு அந்த டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் போடணும், யூரின் ட்யூப்பைப் பாத்துக்கணும், துடைச்சு விடணும். வீட்டுல யாரு பாத்துக்குவீங்க?" நான் என்ன செய்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். உனக்கு அப்போது இருபது வயது, இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். என் முதுகுக்குப் பின்னாலிருந்து "நான் பாத்துக்குறேன் சார்" என்றாய். டாக்டர் என்னிடமிருந்து பார்வையை எடுத்து உன்னிடம் பேச ஆரம்பித்தார். அதற்குப் பிறகு உன் அம்மாவைப் பற்றி எந்த டாக்டரும் என்னிடம் பேசவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பூனைக்குத் திரும்புகிறேன். முதல் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன், டாக்டரம்மா செய்ததைப் பார்த்தேன். மூன்றாம் நாள் என் கையைப் பிடித்துப் பூனையின் வயிற்றில் வைத்தது. "இங்க ஒரு எலுமிச்சம்பழம் மாதிரி தெரியுதா சார்? அதுதான். ரெண்டு பக்கமும் விரல வச்சு மெதுவா, விடாம. பயப்படாதீங்க." எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பூனை என் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. இன்னொரு தடவை தேடினேன், பழம் மாதிரி ஏதோ விரலில் பட்டது, லேசாக அழுத்தினேன், வேட்டி முழுக்க நனைந்துவிட்டது. டாக்டரம்மா கைதட்டியது. நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து வேட்டியை மாற்றிவிட்டு, வாளித் தண்ணீரில் அதை ஊற வைக்கும்போது அழுதேன். ஏனென்றால் அது நான்கு நிமிஷ வேலை, தம்பி. கடிகாரத்தைப் பார்த்தேன். துணியை விரிப்பது, தூக்கி வைப்பது, அழுத்துவது, துடைப்பது, எல்லாம் சேர்த்து நான்கு நிமிஷம். நாற்றம் கொஞ்சம் உண்டு, கை கழுவினால் போய்விடுகிறது. இதற்குத்தானா நான் அத்தனை பயந்தேன்?

இந்தப் பூனை என்னிடம் ஒட்டவில்லை. நீ நினைத்துக்கொள்ளப் போகிறாய், வயதான காலத்தில் மடியில் படுக்க ஒரு ஜீவன் கிடைத்துவிட்டது, அப்பா கொஞ்சிக்கொண்டு இருக்கிறார் என்று. அதெல்லாம் இல்லை. ஐந்து மாதம் ஆகிறது, இன்றைக்கும் தடவிக் கொடுத்தால் காதைப் பின்னால் மடித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் முதுகைக் காட்டிக்கொண்டு பின்பாதியை இழுத்தபடி வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய தலையணையில் மெத்தை தைத்துப் போட்டேன், அதில் படுக்காமல் சிமெண்ட் தரையில் படுக்கிறது. தரையில் தேய்ந்து பின்னங்கால் புண்ணாகிறதே என்று துணியில் உறை தைத்து மாட்டினேன், பல்லால் கிழித்துப் போட்டது. சைக்கிள் கடைக்காரர் பி.வி.சி. பைப்பை வளைத்து இரண்டு சின்னச் சக்கரம் வைத்து ஒரு வண்டி செய்து தந்தார். அதில் கட்டி விட்டதும் ஓர் அடி எடுத்து வைக்காமல் அரை மணி நேரம் என்னை முறைத்துக்கொண்டே நின்றது. கழற்றி விட்டேன். இப்போது அந்த வண்டி கொய்யா மரத்தடியில் சும்மா கிடக்கிறது. அது தன் இஷ்டப்படிதான் இருக்கும், அதற்கு முடியாத அந்த ஒன்றை மட்டும் நான் செய்யவேண்டும். பார்த்துக்கொள்வது என்றால் அவ்வளவுதான், நன்றி கிடைக்கும் என்று கணக்குப் போடக்கூடாது என்று உனக்கு எழுத நினைத்தேன். எழுதிவிட்டு அடித்தேன். யாருக்கு யார் புத்தி சொல்வது? உன் அம்மாவுக்கு மூன்று வருஷம் செய்தவன் நீ, அதையே படித்து அதையே தொழிலாக்கிக்கொண்டவன் நீ. கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதையாக அல்லவா இருக்கிறது.

உன் அம்மாவும் யாரும் தொட்டால் சுருங்குகிறவள்தான். பூனையோடு அவளை ஒப்பிடுகிறேன் என்று கோபப்படாதே. சத்துணவு அமைப்பாளராக இருந்தவரை ஒரு மூட்டையைக்கூட மற்றவர்கள் இறக்கிவைக்க விடமாட்டாள், தானே ஒரு முனையைப் பிடிப்பாள். மாயவரம் ஆபீசுக்குப் போகத் துணைக்கு வரட்டுமா என்று நான் கேட்டால், "நான் என்ன சின்னப் புள்ளையா?" என்பாள். அப்படிப்பட்டவள் தன் மகன் கையால் துடைத்துவிடப்படும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வதை நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன். அவளுக்கு அது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும். அந்த இடத்தில் நின்றிருக்கவேண்டியவன் நான். இருபத்து நான்கு வருஷம் குடும்பம் நடத்தியவன், எனக்கு அவளிடம் என்ன மறைவு இருந்தது?

"எனக்கு அந்த வாடை ஒத்துக்கல, குமட்டுது" என்று உன்னிடம் சொன்னேன். நீ நம்பினாயோ இல்லையோ தெரியாது. ஆனால் நீயே யோசித்துப் பார். நெல் ஊறுகிற தொட்டி எப்படி நாறும் என்று உனக்குத் தெரியாதா? மூன்று நாள் ஊறிய தண்ணீரைத் திறந்துவிட்டால் கும்பகோணம் ரோட்டில் போகிற பஸ்ஸில் ஜன்னலைச் சாத்துவார்கள். அதில் முப்பத்திரண்டு வருஷம் முழங்கால் வரை இறங்கி நின்றவன், அந்த நெல்லை வாயில் போட்டுக் கடித்துப் பதம் சொன்னவன், வீட்டுக்குள்ளே ஒரு படுக்கை வாடைக்குக் குமட்டுகிறது என்றேன். வாடை ஒரு சாக்கு. அவளை அப்படிப் பார்க்கப் பயமாக இருந்தது என்று பிற்பாடு நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பயம் என்று சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, அதுவும் முழு உண்மை இல்லை. செய்ய வீட்டில் ஆள் இருந்தது, அதனால் நான் செய்யவில்லை. அது மட்டும்தான் உண்மை.

செய்யாதவன் வாயையாவது மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒருநாள் மதியம் நீ எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மில்லுக்கு வந்தாய். யாரோ அம்மாவைப் பற்றி விசாரித்தார்கள். "எங்க வீட்டுல பொண்ணு இல்லாத குறையத் தம்பி தீத்து வச்சுட்டான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ தூக்கைக் கீழே வைத்துவிட்டு, "ரசம் தனியா இருக்குப்பா, கொட்டிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். உன் முகம் எனக்கு இப்போதும் தெரிகிறது. நீ நர்சிங் சேர்ந்த பிறகும் ஊரில் கேட்டவர்களிடம் ஆஸ்பத்திரியில் சூப்பர்வைசர் என்றுதான் சொன்னேன். சம்பந்தம் பேச வந்தவர்களிடமும் அதையே சொல்ல வாயெடுத்தேன். பெண் வீட்டார் முந்திக்கொண்டு, "எங்க பொண்ணும் ஸ்டாஃப் நர்ஸ்தாங்க, ஒரே வேலைங்கறதாலதான் எங்களுக்குப் புடிச்சது" என்றார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

இப்படிப்பட்டவனை எடுத்து வீடியோ போட்டு, 'மனித நேயம் இன்னும் சாகவில்லை' என்று கீழே எழுதிவிட்டார்கள். ஆஸ்பத்திரி உதவியாளர் எடுத்தது, நம் சபை குரூப்புக்கு வந்து, அங்கிருந்து எங்கெங்கோ போய்விட்டது. போன மாதம் ஒரு ஞாயிறு ஆராதனையில் போதகர் பிரசங்கத்திலேயே என்னைச் சொல்லிவிட்டார். வாயில்லா ஜீவனுக்கு இரங்குகிறவன் வீட்டில் எவ்வளவு அன்பு இருந்திருக்கும் என்று சொல்லி, நான் உட்கார்ந்திருந்த பக்கம் கையைக் காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தலை தானாகக் கீழே போய்விட்டது. வெளியே வந்ததும், "பெருமையே இல்லாத மனுஷன், தலையக் குனிஞ்சுக்கிட்டாரு பாருங்க" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. என் வாழ்நாளில் நான் அடி வாங்கியிருக்கிறேன், முதலாளி முன்னால் ஏச்சு வாங்கியிருக்கிறேன். அந்தப் பாராட்டைப் போல எதுவும் வலித்ததில்லை.

அன்று சாயங்காலம் சுகிர்தம் அத்தை வீட்டுக்கு வந்தது. அம்மாவோடு சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்ததே, அம்மா படுக்கையில் கிடந்த நாள் முழுக்க வேலை முடிந்து நேரே நம் வீட்டுக்கு வருமே, அதே அத்தை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் பூனைக்குச் செய்து முடிக்கும்வரை நின்று பார்த்தது. பிறகு சொன்னது: "கோயில்ல தலையக் குனிஞ்சீங்களே அண்ணே. எல்லாரும் பணிவுன்னு நெனச்சாங்க. எனக்கு என்னன்னு தெரியும்." நான் நனைந்த துணியை மடித்தேன். "அந்தப் பரீட்சை அன்னிக்கு நடந்தத அவ எங்கிட்ட சொன்னா" என்றது.

மகனே, இதைத்தான் உன்னிடம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்துக்கு மேல் சுற்றி வளைத்துவிட்டேன்.

அன்றைக்கு உனக்கு ஐந்தாவது செமஸ்டரில் முதல் பரீட்சை. காலை ஆறு மணிக்கே அம்மாவைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, திருப்பிப் படுக்க வைத்து, மூத்திரப் பையைக் காலி செய்தாய். "பதினோரு மணிக்கு ஒரு தரம் ட்யூப்ப மட்டும் பாத்துக்குங்கப்பா, மூணரைக்குள்ள வந்துருவேன்" என்று என்னிடம் சொன்னாய். "நான் இருக்கேன், நீ போய் நல்லா எழுது" என்றேன். மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில்தான் இருந்தேன். முன்னறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணி வாக்கில் அவள் கூப்பிட்டாள். பேச்சு குழறும், ஆனால் எனக்கு நன்றாகப் புரிந்தது. "வயிறு உப்பிக்கிட்டு வருது. ட்யூப்பு தொடைக்கு அடியில மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. கொஞ்சம் நேரா எடுத்து விடுங்களேன்." நான் கதவருகில் நின்று பார்த்தேன். பையில் புதிதாக ஒரு சொட்டு இறங்கவில்லை. போர்வையைத் தூக்கி, அவள் காலைக் கொஞ்சம் நகர்த்தி, குழாயை இழுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. "தம்பி இப்ப வந்துருவான், பொறுத்துக்க" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "அவன் வர மூணரை ஆவும்" என்றாள். நான் முன்னறைக்குப் போய் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும். சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அவள் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டாள். அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

நீ பரீட்சை பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாய். படுக்கை நனைந்திருந்தது, அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நீ போர்வையை விலக்கிக் குழாயை நேராக்கினாய். பை நிரம்பிக்கொண்டே வந்தது. "எப்பலேருந்தும்மா?" என்று கேட்டாய். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு உன்னைப் பார்த்து, "இப்பதான் தம்பி, கொஞ்ச நேரமாத்தான்" என்றாள். இரண்டு நாளில் குளிர் ஜுரம், சிறுநீரில் கிருமி என்று மறுபடியும் ஆஸ்பத்திரி. நீ வராந்தாவில் தலையில் கை வைத்து உட்கார்ந்து, "நான்தாம்பா காலையில அவசரத்துல மடக்கி வச்சுட்டுப் போயிருக்கேன்" என்றாய். இல்லை தம்பி என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சுதான் தேவைப்பட்டது. நான் சொன்னது என்ன தெரியுமா? "அவசரத்துல செஞ்சா இப்படித்தான் ஆவும்." மிச்சப் பரீட்சை ஒன்றையும் நீ எழுதவில்லை. காலேஜுக்கே அப்புறம் போகவில்லை. அம்மா அந்த ஜுரத்திலிருந்து தேறி இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தாள். அத்தனை நாளும் ஒவ்வொரு நாளும் எனக்குச் சொல்ல நேரம் இருந்தது. அவளுக்கும் சொல்ல நேரம் இருந்தது, அவள் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டதே இல்லை. என்னை மன்னித்துவிட்டாள் என்று வசதியாக நினைத்துக்கொண்டேன்.

அப்படி இல்லை என்று சுகிர்தம் அத்தை சொன்னது. ஆஸ்பத்திரியில் உனக்குத் தெரியாமல் இருவரும் பேசியிருக்கிறார்கள். "அவரு செஞ்சத நான் மறக்க மாட்டேன் சுகிர்தம். ஆனா புள்ளைகிட்டச் சொல்லிராத. நான் போனதுக்கு அப்புறம் அவனுக்கு அப்பன்னு ஒருத்தன் வேணும்ல" என்றாளாம். அத்தை சத்தியம் செய்து கொடுத்திருக்கிறது. "நான் சொல்ல மாட்டேன் அண்ணே. அவளுக்குக் கொடுத்த வாக்கு. நீங்க யாருக்கும் வாக்குக் கொடுக்கலயே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டது.

அன்றிலிருந்து பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பூனைக்கு இதைச் செய்வதால் அதற்கு ஈடாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பூனைக்கு என் கதை தெரியாது, தெரிந்தால் என் கையைக் கடிப்பதற்கு அதற்கு இன்னொரு காரணம் கிடைத்திருக்கும். நீ அந்த வீடியோவைப் பார்த்து, இந்தக் கைக்கு இது முடியும் என்றால் அம்மாவுக்குச் செய்ய ஏன் முடியவில்லை என்று நினைத்திருப்பாய். நீ நினைத்தது சரி. நீ நினைத்ததைவிட நடந்தது மோசம், அதையும் இப்போது சொல்லிவிட்டேன். அவள் எனக்காக உன்னிடம் காப்பாற்றிக் கொடுத்த பெயரை நானே போட்டு உடைத்துவிட்டேன். அவள் விருப்பத்துக்கு மாறாகச் செய்கிறேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்கான விலையை நீ அல்லவா சுமந்துகொண்டிருக்கிறாய்.

கல்யாணத்தில் பெற்றோர் இடத்தில் நான் நிற்கவேண்டுமா, கடைசிப் பெஞ்சில் உட்காரவேண்டுமா, வரவே வேண்டாமா, நீ சொல்கிறபடி செய்கிறேன். மன்னிப்பு கேட்டு உன்னை இக்கட்டில் மாட்டிவிட மாட்டேன். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, மாமனார் எப்படிப்பட்டவர் என்று அதுவும் தெரிந்துகொண்டு வரட்டும். புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் உனக்குச் சொல்ல என்னைவிட்டால் வேறு ஆள் இல்லை, ஏனென்றால் அதைக் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

பொங்கல் சமயத்தில் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய். உன் வார்டில் எந்த நோயாளியின் குழாயையும் மூன்று தரம் தொட்டுப் பார்க்காமல் நீ நகர்வதில்லையாம், கூட வேலை செய்கிறவர்கள் உன்னை ட்யூப் பைத்தியம் என்கிறார்களாம். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தப் பரீட்சை நாளில் நீ பஸ்ஸுக்குப் புறப்பட்டுப் போன பிறகு நான் உள்ளே போய் அவளை ஒருமுறை பார்த்தேன். போர்வை அப்போது விலகித்தான் இருந்தது. குழாய் ஒரு மடிப்பும் இல்லாமல் கட்டில் ஓரமாக நேராக இறங்கியிருந்தது, பையில் சொட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் அவள் தானே புரளப் பார்த்ததில்தான் மாட்டிக்கொண்டது. நீ சரியாகத்தான் வைத்துவிட்டுப் போனாய், தம்பி. இனிமேல் ஒரு தரம் பார்த்தால் போதும்.

உன் அப்பா